குடிபோகும் முன் ஒரு நடை

வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்யப் போகிறவர், தான் குடியிருக்கப்போகும் ஊருக்கு முன்கூட்டியே ஒரு நடை போய், சில நாள் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவருவது இன்று பல திட்டங்களில் சாதாரணமாகிவிட்டது. அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் அது பயிற்சி அட்டவணையிலேயே இருக்கிறது. பணியாற்றும் நாட்டிலேயே மூன்று மாத அளவில் பயிற்சி நடக்கும். இடையில் ஒருநாள், யாருக்கு எந்த ஊர் என்று அறிவிப்பார்கள். பிறகு அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரோ சுகாதார நிலைய ஊழியரோ ஒருவர் துணைவர, பயிற்சி பெறுகிறவர் பேருந்தேறிப் போவார். வாடகைக்குப் பேசிவைத்திருக்கும் வீட்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சந்தை எந்தக் கிழமை கூடுகிறது என்று பார்த்துக்கொள்வார். காவல் நிலையத்திலும் ஊர்த் தலைவர் வீட்டிலும் முகம் காட்டிவிட்டுப் பயிற்சி மையத்துக்குத் திரும்புவார். உறுதிமொழி எடுத்துப் பெட்டி படுக்கையோடு குடிபோவது அதற்குப் பிறகுதான். கேட்டால் யாருக்கும் தோன்றக்கூடிய எளிய ஏற்பாடு இது. ஆனால் அரசுகள் நடத்திய தொண்டர் திட்டங்களுக்கு இது தோன்றப் பல ஆண்டுகள் பிடித்தன. பல்கலைக்கழக வகுப்பு, காட்டு முகாம், பொய்க் கிராமம் என்று ஊருக்குப் பதிலாக வேறு எதையெதையோ காட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊரையே காட்டலாம் என்ற முடிவுக்கு அவை வந்தன. அந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. போகிறவர் ஊரைப் பார்ப்பது இந்தப் பயணத்தின் பாதிப் பயன்தான். ஊர் அவரைப் பார்ப்பதும், பார்த்தபின் இரு தரப்பும் சில வாரம் விலகியிருந்து யோசிப்பதும் மறுபாதி. அந்த மறுபாதி புரியாதவரை இது வீண்செலவாகவே தெரியும்.

அரசுகள் இந்தத் துறைக்கு வருமுன் நிலைமை வேறு. 1920இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் பியர் செரெசோல், முதல் உலகப்போரில் நொறுங்கிப்போன வெர்டன் பகுதியில் ஏன் (Esnes) என்ற பிரெஞ்சுக் கிராமத்தை மீண்டும் கட்டித்தரச் சில தோழர்களுடன் போனார். பின்னால் உலகளாவிய இயக்கமாக வளர்ந்த சர்வதேசக் குடிமைத் தொண்டு அமைப்பின் முதல் பணி அது. பகைநாட்டாரையும் கூட்டிக்கொண்டு போனால்தான் சமாதானம் என்று நம்பியவர் ஆதலால் குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது, தங்குமிடங்கள் எழுந்தன. ஆனால் மண்ணில் பிணங்கள் இன்னும் மட்காத ஊரில் ஜெர்மானியர் கையால் உதவி பெறுவதை அதிகாரிகளும் ஊராரில் ஒரு பகுதியினரும் ஏற்கவில்லை. சில மாதங்களில் பணி நின்றது. அந்தக் குழுவின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்களை ஊர் ஏற்குமா என்ற கேள்விக்கு விடை தெரியுமுன்பே அங்கே குடியேறிவிட்டதுதான் பிசகு.

அதே செரெசோல் 1934இல் வேறு விதமாக நடந்துகொண்டார். அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி பிகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வடபிகாரின் வயல்களை மணல் மூடியது. செரெசோல் உடனே குழு திரட்டிக்கொண்டு கிளம்பவில்லை. முதலில் தான் போனார். பிகாரைச் சுற்றிப் பார்த்தார். காந்தியையும், நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கிய ராஜேந்திர பிரசாத்தையும் சந்தித்தார். பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பி, அதே ஆண்டின் பிற்பகுதியில் மிகச் சிறிய குழுவோடு மறுபடியும் வந்தார். முசாபர்பூர்ப் பகுதியில் வெள்ளத்துக்குத் தப்பும் மேட்டு நிலங்களில் புதுக் குடியிருப்புகளை அமைக்கும் வேலை 1937 வரை நடந்தது. கூலியாளுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் மண்வெட்டி பிடிக்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவானேன் என்ற கேள்வி எவருக்கும் எழும். கப்பல் கட்டணத்தைக் காசாக அனுப்பியிருக்கலாமே என்றும் கேட்கலாம். முதல் பயணத்தின் பயனை அங்கேதான் தேட வேண்டும். பெரும்படையாக வராமல் விரல்விட்டு எண்ணும்படியான குழுவாக வந்தது, உள்ளூர் நிவாரணக் குழுவின் கீழே நின்று வேலை செய்தது ஆகிய இரண்டும் ஒரு முறை போய்ப் பார்த்தவர் எடுக்கும் முடிவுகள்.

ஆஸ்திரேலியாவில் இதையே இன்னொரு வழியில் செய்தார்கள். 1950இல் பம்பாயில் நடந்த மாணவர் மாநாட்டில் இந்தோனேசிய மாணவர்களும் ஆஸ்திரேலிய மாணவர்களும் சந்தித்துப் பேசியதன் விளைவாக, ஹெர்ப் ஃபைத் என்ற இளைஞர் 1951இல் ஜகார்த்தாவுக்குப் போய் இந்தோனேசியத் தகவல் அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் அந்த நாட்டு ஊழியருக்கு உள்ளதுதான், வாழ்க்கையும் அவர்களோடுதான். அவரைப் பின்பற்றிப் பட்டதாரிகள் சிலர் ஒவ்வொருவராகப் போனார்கள். முன்னால் போனவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னால் வருகிறவர் கிளம்பினார். ஊரை நேரில் பார்க்க வசதியில்லாதபோது, பார்த்தவர் வாயால் கேட்பது அடுத்த வழி. ஆள் எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை அது போதும்.

எண்ணிக்கை கூடியதும்தான் சிக்கல் பிறந்தது. 1961 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் ஆணையின் மூலம் பீஸ் கோரைத் தொடங்கினார். அவர் மைத்துனர் சார்ஜென்ட் ஷ்ரைவர் அதற்குத் தலைவரானார். சட்டம் நிறைவேறியது செப்டம்பர் 22ஆம் தேதிதான். அதற்குள் ஆகஸ்ட் 30ஆம் தேதியே முதல் குழு கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கி, ட்வி மொழியில் பாட்டும் பாடிவிட்டது. அவ்வளவு அவசரம். திட்டம் பிழைக்க வேண்டுமானால் தலைகளை எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்தே ஆண்டில், 1966இல், தொண்டர்கள் 15,000 பேரைத் தாண்டினார்கள். இத்தனை பேரையும் கடல்கடந்து அழைத்துப்போய் ஊரைக் காட்டித் திரும்பக் கூட்டிவருவது நடக்கிற காரியமா? நடக்காது என்று முடிவுகட்டி, பயிற்சியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தார்கள். கானாவுக்குப் போனவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும், கொலம்பியாவுக்குப் போனவர்கள் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸிலும், பிலிப்பைன்ஸுக்குப் போனவர்கள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படித்தார்கள். போகும் நாட்டின் மொழி, வரலாறு, பொருளாதாரம் எல்லாம் பாடமாக வந்தன. கம்யூனிசத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதும் ஒரு பாடம்.

அந்த வகுப்பறைப் பயிற்சி எவ்வளவு தாங்கும் என்பது இரண்டு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. நைஜீரியாவுக்கான முதல் குழு ஹார்வர்டில் பயின்றுவிட்டு இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. 1961 அக்டோபரில் அந்தக் குழுவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஊருக்கு எழுதிய அஞ்சலட்டை கைதவறி நைஜீரிய மாணவர்களிடம் சிக்கியது. நகரத்தின் அழுக்கையும் வாழ்க்கை வசதிக் குறைவையும் அதில் அவர் சற்றுக் கடுமையாகவே வர்ணித்திருந்தார். மாணவர்கள் படியெடுத்துப் பரப்பினார்கள், கூட்டம் போட்டார்கள், அமெரிக்கர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் நாடு திரும்பினார். பத்திரிகைகள் இதை ஒரு பெண்ணின் வாய்த்துடுக்காக எழுதின. இன்றும் அப்படித்தான் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே அட்டையில், இத்தனை பயிற்சி பெற்றும் இதற்குத் தாங்கள் தயாராக வரவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. குறை அந்தப் பெண்ணுடையது மட்டுமாக இருந்தால் அந்த வரிக்கு அங்கே வேலையில்லை. நைஜீரியாவைப் பற்றி ஹார்வர்டில் சொல்லித்தர முடிந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இபாதானில் ஒரு தெருவில் நடந்தால் எப்படியிருக்கும் என்பது தெரியவில்லை. முதல் அதிர்ச்சி கடல்கடந்து வந்து இறங்கிய பிறகே அவருக்குக் கிடைத்தது. அதிர்ச்சியைத் தணித்துக்கொள்ளத் திரும்பிப்போக ஓர் இடம் இல்லாததால், மனத்தாங்கலைக் கொட்ட அஞ்சலட்டைதான் கிடைத்தது.

வகுப்பறை போதாது என்பதை அமைப்பும் ஒப்புக்கொண்டது. ஆனால் அடுத்து அது தேடிய மருந்து ஊரைக் காட்டுவதாக இல்லை. ஊரைப் போன்ற ஒன்றைக் காட்டுவதாக இருந்தது. புவர்த்தோ ரிக்கோ தீவில் அரெசிபோ நகருக்கு அருகே மலைக்காட்டில் முகாம்கள் அமைந்தன. 1962 ஏப்ரலில் கொலம்பியாவில் விமான விபத்தில் இறந்த இரு தொண்டர்களின் பெயர்களை, குரோசியர், ராட்லி என்று அவற்றுக்குச் சூட்டினார்கள். அங்கே பாறையேற்றம், கை காலைக் கட்டிக்கொண்டு நீரில் மிதத்தல் என்று உடம்பை முறுக்கும் பயிற்சிகள் நடந்தன. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர் பாறையில் கயிறு பிடித்து இறங்குவது எதற்கு என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள். அதைவிட வினோதம் ஹவாயில் நடந்தது. அங்குள்ள பெரிய தீவில் வைப்பியோ என்று ஒரு பள்ளத்தாக்கு. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்தபின் குடிகள் பெரும்பாலோர் வெளியேறிவிட்ட இடம். 1960களில் அங்கே தென்கிழக்காசிய நாடுகளின் பாணியில் குடிசைகள் கட்டி, எருமையும் சேற்று வயலும் ஏற்படுத்தி, ஆசியாவுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்தார்கள். உண்மையான மக்கள் காலிசெய்துபோன பள்ளத்தாக்கில் கற்பனைக் கிராமம் ஒன்று எழுந்தது.

இதைக் கேலி செய்வது சுலபம். செய்தவர்களின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். கொசுவும் மழையும் ஏர் பிடித்த கை எரிச்சலும் வகுப்பறையில் கிடைக்காதவை; வைப்பியோவில் கிடைத்தன. இல்லாமல்போனது ஒன்றே ஒன்று. அந்தக் கிராமத்தில் பயிற்சி பெறுகிறவரைப் பார்த்து, இவன் யார், எதற்கு வந்தான், சாப்பிட்டானா, யாருடைய ஆள் என்று கேட்க ஒருவரும் இல்லை. உடம்புக்கு வரும் கஷ்டத்தைப் போலிக் கிராமம் காட்டிவிடும். அந்நியராக நிற்பதன் கூச்சத்தை அதனால் காட்ட முடியாது. பயிற்சிக் காலத்தின் இன்னொரு வழக்கம் இதை மேலும் மோசமாக்கியது. உளவியலாளர்கள் அடங்கிய தேர்வுக் குழு பயிற்சி நெடுகக் கண்காணித்து, புறப்படுவதற்குச் சற்று முன்புகூட ஆட்களைக் கழித்துவிடும். கழித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர் தன் தயக்கத்தை வெளியே சொல்வாரா? எல்லோரும் நம்பிக்கை முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். அந்த ஊரில் வாழ என்னால் முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள இடமே இருக்கவில்லை.

1967இல் ரோஜர் ஹாரிசன், ரிச்சர்டு ஹாப்கின்ஸ் என்ற இருவர், புவர்த்தோ ரிக்கோப் பயிற்சியிலிருந்து பெற்ற அனுபவத்தைக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வேற்றுப் பண்பாட்டுப் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத் தொட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் வாதம் இது: பல்கலைக்கழகம் ஒருவரை எழுத்திலிருந்து அறிவு பெறவும், கேள்விக்குச் சரியான விடை சொல்லவும், முடிவை ஆசிரியரிடம் விடவும் பழக்குகிறது, வேற்று நாட்டில் வேலை செய்கிறவரோ தகவலை மனிதர்களிடம் கேட்டுப் பெற வேண்டும், சரியான விடை இல்லாத நிலையில் தானே முடிவெடுக்க வேண்டும், உணர்ச்சிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே நல்ல வகுப்பறை இன்னும் நல்ல வகுப்பறையாவதால் இது தீராது. இந்த வாதம் சரியானது என்றே நினைக்கிறேன். எனினும் அவர்கள் காட்டிய மாற்றுவழியும், பயிற்சி முகாமைத் திருத்தி அமைப்பதோடு நின்றது. பயிற்சியையே அந்தந்த நாட்டுக்கு நகர்த்தும் மாற்றம் 1960களின் கடைசியில் தொடங்கி, 1969இல் ஜோசஃப் பிளாட்ச்ஃபோர்டு தலைமைக்கு வந்தபின் வேகம் பிடித்து, 1970களில் பொதுவழக்கமாயிற்று. வகுப்பு நடக்கும் இடத்துக்கும் பணியாற்றும் ஊருக்கும் இடையே கடல் இல்லை, ஒரு பேருந்துப் பயணம்தான் என்றான பிறகே முன்பார்வைப் பயணத்துக்கு இடம் கிடைத்தது.

முதல் குழுவே அக்ராவில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வெற்றி பெற்றதே, அப்புறம் முன்பார்வை எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. பிரிட்டனில் 1958இல் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பும், பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பையன்களைப் பெரிய பயிற்சியேதும் இல்லாமல் சரவாக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியது; பலர் நன்றாகவே வேலை செய்தார்கள். தெரியாத ஊரில் துணிந்து இறங்குவதில்தான் மனிதன் உருவாகிறான் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. இந்த வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ள முடியாது. ஆனால் கானாவோடு பிலிப்பைன்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கானாவுக்குப் போனவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். பள்ளி ஏற்கெனவே இருந்தது; தலைமையாசிரியர் இருந்தார்; பாடமும் கால அட்டவணையும் இருந்தன; ஆசிரியர் என்றால் யார் என்பது ஊருக்குத் தெரியும். காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். 1961 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் இறங்கிய 128 பேருக்கு அப்படி நாற்காலி இல்லை. ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் துணையாசிரியர் என்று பெயர். வகுப்பில் ஆசிரியர் ஏற்கெனவே இருந்தார். இவர் என்ன செய்ய வேண்டும் என்பது இவருக்கும் தெரியாது, அந்த ஆசிரியருக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே அமைப்பின் பொறுப்பாளராக இருந்த லாரன்ஸ் ஃபுக்ஸ் பின்னால் எழுதிய நூல் பெருமளவு இந்தத் தடுமாற்றத்தைப் பற்றியதுதான். இரண்டு குழுவுமே ஊரைப் பார்க்காமல் போனவை. வேலை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இடத்தில் அந்தக் குறை தெரியவில்லை. ஊரோடு பேசித்தான் வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற இடத்தில் அது பூதாகரமாகத் தெரிந்தது. இன்று தொண்டர்கள் போகும் வேலைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.

மொழியும் இந்தக் கணக்கில் சேரும். இந்தியாவுக்குப் பீஸ் கோர் தொண்டர்கள் 1961 டிசம்பரில் வரத் தொடங்கினார்கள். முதலில் பஞ்சாப், பிறகு பல மாநிலங்கள், கோழி வளர்ப்பு, உழவு, உடல்நலம் என்று 1976 வரை நடந்தது. சென்னை மாநிலத்துக்கு வந்தவர்களுக்கும் அவர்கள் நாட்டிலேயே தமிழ் கற்பித்தார்கள். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று இருக்கும் மொழியை, அதுவும் திருநெல்வேலியில் ஒரு மாதிரியும் தருமபுரியில் ஒரு மாதிரியும் பேசும் மொழியை, எந்த ஊர் என்று தெரியாமல் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரைப் பார்த்துவிட்டு மறுபடி வகுப்புக்கு வருகிறவரோ, தனக்கு எந்தச் சொல் வரவில்லை என்ற பட்டியலோடு வருகிறார். தண்ணீர்க் குழாயடியில் என்ன பேசினார்கள், மளிகைக் கடைக்காரர் கேட்டது என்ன என்று ஆசிரியரை அவர் துளைக்கிறார். இலக்கணப் பாடம் அதற்கு முன்பும் அதேதான். கேட்கிறவரின் பசி மாறியிருக்கிறது. இதற்கு இடைவெளி வேண்டும். அதனால்தான் பார்த்த கையோடு அங்கேயே தங்கிவிடாமல் திரும்பிவர வேண்டும் என்கிறேன்.

ஊரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான். அந்நியர் ஊருக்குள் குடிவருமுன் முகம் காட்டி அனுமதி கேட்க வேண்டும் என்பது பல சமூகங்களில் பழைய நெறி. மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் தலைவரைப் பார்க்கப் போகிறவர் கோலாக் கொட்டை கொண்டுபோவார். ஃபிஜித் தீவில் யங்கோனா வேரைத் தலைவர் முன் வைத்து, ஏற்றுக்கொண்டால்தான் ஊருக்குள் கால்வைப்பார். செவுசெவு என்று அந்தச் சடங்குக்குப் பெயர். இரண்டாண்டுக்கான மூட்டைகளோடு வாகனத்திலிருந்து இறங்குகிறவர் இந்தச் சடங்கைச் செய்தால் அது பெயரளவில்தான் அனுமதி கேட்பதாகும். வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. சிறு பையோடு வந்து, கேட்டுவிட்டு, திரும்பிப்போகிறவரிடம் ஊர் தன் மனத்தைச் சொல்லலாம். நேரில் சொல்லாவிட்டாலும், அவர் போனபின் கூடிப் பேசி, கூடவந்த ஆசிரியர் மூலம் சொல்லியனுப்பலாம். இந்த வீடு வேண்டாம், அந்த வீட்டில் தங்கட்டும் என்று மாற்றலாம். நடைமுறையில் ஊரார் செய்யும் மாற்றம் பெரும்பாலும் இதுதான், அது சிறிய மாற்றமும் இல்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. ஊரை அறிவித்த பின்பு, வேலையும் வீடும் முடிவான பின்பு போகும் பயணத்தால் என்ன தீர்மானமாகிறது? நிச்சயம் முடிந்து தேதியும் குறித்துவிட்டுப் பெண்ணிடம் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தானே இது? உண்மைதான், பெரிய முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிடுகிறது. பயணத்தின்போது ஊரார் காட்டும் விருந்தோம்பலும் திருவிழாக் கோலம்தான். அன்றாட ஊர் அதன் பின்னே ஒளிந்திருக்கும். ஆனால் விருந்தால் மறைக்க முடியாதவை பல இருக்கின்றன. பேருந்து எத்தனை மணி நேரம் பிடிக்கிறது, மழை பெய்தால் பாலம் மூழ்குமா, பக்கத்து மருத்துவமனை எங்கே, கூட வேலை செய்யப்போகிறவர் தன்னை விரும்பி ஏற்கிறாரா அல்லது மேலதிகாரி சொன்னதால் வந்தாரா, இவையெல்லாம் நாலு நாளில் தெரிந்துவிடும். மேலும், என்னால் முடியாது என்று சொல்லத் தகுந்த கடைசி நேரமும் அதுதான். உறுதிமொழிக்கு முன் விலகினால் ஒரு பயிற்சி இடம் வீணாகிறது. குடிபோய் நாலு மாதம் கழித்து விலகினால், ஊரின் எதிர்பார்ப்பு வீணாகிறது. அடுத்துவரும் அந்நியரையும் அந்த ஊர் சந்தேகத்தோடு பார்க்கும்.

ஒப்புக்கொள்ள வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. போகிறவர் வந்து பார்க்கிறார். ஊர் போய்ப் பார்ப்பதில்லை. செலவையும் தேதியையும் தீர்மானிப்பது அமைப்புதான். பல நாடுகளில் இதற்குப் பாதித் தீர்வு கண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து அந்த ஆசிரியரையோ சுகாதார ஊழியரையோ முதலில் பயிற்சி மையத்துக்கு வரவழைத்து, ஓரிரு நாள் கூடவைத்துப் பேசவிட்டு, பிறகு அவரே தன் ஊருக்கு அழைத்துப்போகும்படி செய்கிறார்கள். விருந்தாளியாக முதலில் வருகிறவர் ஊர்க்காரர் என்றாகிறது. பாதித் தீர்வு என்பதற்குக் காரணம், அந்த ஒருவர் ஊர் முழுவதற்கும் பேச முடியாது. அவர் பெரும்பாலும் படித்தவர், சம்பளக்காரர். கிணற்றடியில் நிற்கும் பெண்களின் கருத்தை அவரிடம் கேட்டுப் பெற முடியாது.

பாதுகாப்பு என்ற கோணம் பிற்காலத்தில் சேர்ந்தது. 2001இல் பொலிவியாவில் ஒரு தொண்டர் காணாமல்போனார். 2002இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், தொண்டர்களுக்கு ஊரையும் வீட்டையும் தயார்செய்யும் பணி நாட்டுக்கு நாடு சீராக நடக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. 2009இல் பெனினில் ஓர் இளம் தொண்டர் கொல்லப்பட்டதையடுத்து 2011இல் தொண்டர் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இதன் பலனாக முன்பார்வைப் பயணத்தில் ஜன்னல் கம்பி, பூட்டு, காவல் நிலையத் தொலைபேசி எண் என்று சரிபார்க்கும் படிவங்கள் பெருகின. படிவம் தேவைதான். ஆனால் படிவத்தை நிரப்புவதற்கான பயணமாக அது சுருங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைத் தெரிந்துவைத்திருப்பதே முதல் காவல் என்பது மறந்துபோகிறது. ஜன்னல் கம்பியை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அந்தத் தெருவுக்கு முகம் தெரிந்தவராக ஆவதற்குத் தானேதான் போக வேண்டும்.

இன்றைக்கு எல்லாம் கைப்பேசியில் தெரிகிறதே, வரைபடத்தில் தெருவையே பார்த்துவிடலாமே என்பது புதிய மறுப்பு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் பீஸ் கோர் 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 தொண்டர்களையும் ஒரேயடியாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதன் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. மறுபடி ஆட்கள் போகத் தொடங்கியது 2022 மார்ச்சில். இடைக்காலத்தில் இணையவழித் தொண்டு நடந்தது, இப்போதும் நடக்கிறது. சில வேலைகளுக்கு அது போதும். ஆனால் திரையில் ஊரைப் பார்ப்பது 1961இன் வகுப்பறையை இன்னும் தெளிவான படங்களோடு நடத்துவதுதான். தெருவின் படம் கிடைக்கிறது. தெரு இவரைப் பார்ப்பதில்லை. அன்று வைப்பியோவில் இல்லாமல்போன அதே ஒன்றுதான் இங்கேயும் இல்லை.

பணம் கட்டி இரண்டு வாரம் போய்த் தொண்டு செய்யும் சுற்றுலாத் திட்டங்களுக்கு இந்த வழக்கம் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தாது. அந்தப் பொருத்தமின்மையே அத்திட்டங்களைப் பற்றிய தீர்ப்பு என்பேன். ஊரைப் பார்த்துத் திரும்பி, யோசித்து, மறுபடி போவதற்கு ஆகும் காலமே தொண்டுக் காலத்தைவிட நீளமானால், அங்கே செய்யப்போகும் வேலை ஊருக்கு என்ன பயன்? கம்போடியாவில் வெளிநாட்டுத் தொண்டர்களை நம்பியே அனாதை விடுதிகள் பெருகின. அவற்றிலிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. போனவர்களில் கெட்ட எண்ணம் உடையவர் குறைவாகவே இருந்திருப்பார்கள். அவர்கள் அந்த ஊரை ஒரு முறைதான் பார்த்தார்கள். முதல் பார்வையில் அனாதை விடுதி அனாதை விடுதியாகத்தான் தெரியும். பெற்றோர் எங்கே என்ற கேள்வி, திரும்பிவந்து யோசித்த பிறகே தோன்றும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் வெளிநாட்டுத் தொண்டர் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்கள் நேர்காணலில் கேட்க வேண்டியவை மூன்று: குடிபோகுமுன் அந்த ஊருக்கு ஒரு நடை போய்வர ஏற்பாடு உண்டா, அதற்கும் பணி தொடங்குவதற்கும் இடையே சில வாரமாவது இருக்குமா, ஊரார் வேண்டாம் என்றால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள். நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. நிதி சுருங்கினால் வகுப்பில் ஒரு வாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேருந்துச் செலவில் கை வைக்காதீர்கள்.